பழைய மடிக்கணினி இயங்க மறுத்தால்: கடைக்குக் கொண்டு போகும் முன் பார்க்க வேண்டியவை

ஊர் திரும்பும் குடும்பங்களின் பொதிகளில் தறப்பாள், மண்வெட்டி, நுளம்பு வலை, சமையல் பாத்திரங்களோடு சில வேளைகளில் ஒரு பழைய மடிக்கணினியும் இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள மாமா அனுப்பியது, ஆசிரியராக இருந்த அக்கா தவணைக் காசுக்கு வாங்கியது, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குகளை வைத்திருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். இடம்பெயர்ந்த காலத்தில் அது உறவினர் வீட்டு அலுமாரியிலோ உரப்பைக்குள்ளோ ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கும். வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் எடுத்துச் செருகுவீர்கள். பொத்தானை அழுத்துவீர்கள். ஒரு வெளிச்சமும் வராது.

"இது செத்துப் போச்சு" என்று அப்போதே முடிவு கட்ட வேண்டாம். நெடுநாள் கிடந்த மடிக்கணினி இயங்காததற்குக் காரணம் பல வேளைகளில் கணினிக்கு வெளியே, சார்ஜரிலோ பற்றரியிலோதான் இருக்கிறது. அவற்றை வீட்டில் வைத்தே கண்டுபிடிக்கலாம். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு சிறிய திருப்புளி, ஒரு ரோச் லைற், ஒரு அழிறப்பர், ஒரு மணி நேரப் பொறுமை போதும்.

இயந்திரத்தின் பெறுமதி ஒன்று. அதற்குள் இருப்பதன் பெறுமதி இன்னொன்று. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை ஒரு நாள் ஸ்கான் செய்து வைத்திருப்பீர்கள். காணி அனுமதிப்பத்திரத்தின் படம் இருக்கலாம். இப்போது உங்களோடு இல்லாத ஒருவரின் முகம் வேறெங்கும் இல்லாமல் அதற்குள் மட்டும் இருக்கலாம். ஆகவே இந்தப் பாடத்தில் சொல்லப்படும் ஒவ்வொன்றும் ஓர் ஒழுங்கில் வருகிறது: முதலில் உள்ளே இருப்பதற்குக் கேடு வராமல் பார்ப்பது, அதற்குப் பிறகே கணினியை இயக்குவது.

புதைத்து வைத்த பொருட்கள்

வெளியேறும்போது சிலர் பெறுமதியான பொருட்களைப் பொலித்தீனில் சுற்றித் தங்கள் வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனார்கள். அவற்றைத் தோண்டி எடுக்க நினைக்கிறீர்களென்றால் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தி ஒன்றைக் கேளுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டு, குடியிருக்கலாம் என்று உறுதிப்படுத்தி ஒப்படைக்கப்படாத காணியில் மண்வெட்டி வைக்க வேண்டாம். ஒப்படைக்கப்பட்ட காணியிலும் தோண்டும்போது உலோகப் பொருள் தட்டுப்பட்டால் நின்றுவிடுங்கள். தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ மிதிவெடி அகற்றும் குழுவினருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை அந்த இடத்துக்கு விட வேண்டாம். படங்கள் பெரிதுதான்; ஆனால் ஒரு காலுக்கு ஈடாகாது.

முதல் மூன்று நாள்: செருக வேண்டாம்

பெட்டியிலிருந்து எடுத்த உடனே மின்சாரத்தில் செருகுவதுதான் பலரும் செய்வது. அதைத் தவிருங்கள். மாரி காலத்தில் கிடந்த இயந்திரத்துக்குள் ஈரம் இருக்கும். ஈரத்தோடு மின்சாரம் போனால் இதுவரை நன்றாக இருந்த பலகையும் எரிந்து போகலாம். கணினியைக் கவிழ்த்து, அடியிலுள்ள பற்றரியைக் கழற்றி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று நாட்கள் வையுங்கள். நேர் வெயிலில் காய வைக்க வேண்டாம். திரையும் பிளாஸ்ரிக்கும் கெட்டுப் போகும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள். அரிசித் தவிடும் தூசியும் துளைகளுக்குள் போவதைத் தவிர அதனால் பெரிய பயன் இல்லை. அரிசியைச் சோற்றுக்கு வைத்திருங்கள்.

வெள்ளத்தில் நனைந்த இயந்திரம் என்றால் காய வைத்தாலும் செருகவே வேண்டாம். நேரே "உள்ளே இருப்பதை எடுப்பது" என்ற பகுதிக்குப் போங்கள்.

காயும் நேரத்தில் துளைகளைப் பாருங்கள். மண்கூடு கட்டும் குளவிக்கு மடிக்கணினியின் பக்கத் துளைகள் மிகவும் பிடித்த இடம். சார்ஜர் செருகும் துளை, யூ.எஸ்.பி. துளை, காற்று வெளியேறும் சல்லடை ஆகியவற்றை அது களிமண்ணால் அடைத்துவிடும். எறும்புப் புற்றும் பல்லி முட்டையும்கூட உள்ளே இருக்கலாம். ஒரு காய்ந்த பல் தூரிகையாலும் ஈர்க்குச்சியாலும் மெதுவாக எடுங்கள். கம்பி, ஊசி, குண்டூசி வேண்டாம். உள்ளேயுள்ள முள்ளை வளைத்துவிடும். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

பிளக்கிலிருந்து தொடங்குங்கள்

இனிச் சோதனைக்கு வருவோம். சோதனை எப்போதும் சுவரிலிருந்து கணினியை நோக்கியே வர வேண்டும். சுவர்ப் பிளக்கில் ஒரு கைத்தொலைபேசிச் சார்ஜரையோ மேசை விளக்கையோ செருகிப் பாருங்கள். அது வேலை செய்யவில்லை என்றால் பழுது வீட்டு இணைப்பில். புதிதாகக் கட்டிய வீடுகளிலும் அவசரத்தில் வயர் இழுத்த வீடுகளிலும் இது அடிக்கடி நடக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து வேலிக்கு மேலால் வயர் இழுத்திருந்தால், அதைப் பற்றி இந்தக் கைநூலின் மின்சாரப் பகுதியில் சொன்னதை மறுபடி வாசியுங்கள். மழை நாளில் அந்த வயர் உயிரை எடுக்கும்.

மாலையில் ஊர் முழுவதும் மின்குமிழ் மங்கி எரியும் நேரத்தில் கணினி இயங்காதோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். மடிக்கணினிச் சார்ஜரின் முதுகிலுள்ள சிறிய எழுத்துகளைப் பாருங்கள். உள்ளே போகும் மின்சாரம் 100 முதல் 240 வோல்ற் வரை என்று அநேகமாக எல்லாவற்றிலும் போட்டிருக்கும். எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ற். அது குறைந்து வந்தாலும் சார்ஜர் சமாளிக்கும். கனடாவிலிருந்து வந்த கணினி அங்குள்ள 120 வோல்ற்றில் ஓடியது என்பதற்காக இங்கே எரிந்து போகாது. பின் தான் வேறு. தட்டையான இரண்டு பின்னையோ ஐரோப்பாவின் இரண்டு உருண்டைப் பின்னையோ இங்குள்ள பிளக்கில் தீக்குச்சி வைத்து நெருக்கிச் செருகுவதைப் பல வீடுகளில் காணலாம். அது தளர்ந்து, சூடாகி, கருகும். சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகும் வயர் பெரும்பாலும் தனியாகக் கழன்று வரக்கூடியது. இந்த நாட்டுப் பின் உள்ள அதே மாதிரி வயர் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, அதை மாற்றுங்கள். (ஜேர்மனியிலிருந்து வந்த கணினியில் சில எழுத்துகள் இடம் மாறி இருக்கும். அது பழுதில்லை.)

ஜெனரேற்றரில் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு சொல். இயந்திரத்தை முதலில் இயக்கி, அதன் சத்தம் ஒரே சீராக வந்த பிறகே கணினியைச் செருகுங்கள். நிறுத்தும் முன் கணினியைக் கழற்றுங்கள். எரிபொருள் முடிந்து விக்கி விக்கி நிற்கும் நேரத்தில்தான் மின்சாரம் தாறுமாறாக ஏறி இறங்கும். உழவு இயந்திரத்தின் 12 வோல்ற் பற்றரியிலிருந்தோ சோலர் பற்றரியிலிருந்தோ மடிக்கணினிக்கு நேரே வயர் கொடுத்தால் அநேகமான இயந்திரங்கள் இயங்காது. அவற்றுக்கு 19 வோல்ற் அளவில் வேண்டும். இடையில் இன்வேற்றர் ஒன்று தேவை.

சார்ஜர்

பழைய கணினியில் மிக முதலில் கெடுவது இதுதான். சார்ஜரைக் கணினியில் செருகாமல், சுவரில் மட்டும் செருகுங்கள். அதன் பெட்டியில் சிறிய விளக்கு இருந்தால் அது எரிய வேண்டும். எரியவில்லை என்றால் சார்ஜர் போய்விட்டது, அல்லது சுவருக்கு வரும் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. எரிந்தால் இப்போது கணினியில் செருகுங்கள். செருகிய உடனே விளக்கு அணைந்தால், அல்லது விட்டுவிட்டு மின்னினால், சார்ஜர் நல்லது. கணினிக்குள் எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது, அதனால் சார்ஜர் தன்னைத் தானே நிறுத்திக் கொள்கிறது. உடனே கழற்றுங்கள். பற்றரியையும் கழற்றிவிட்டு இன்னொரு முறை மட்டும் செருகிப் பாருங்கள். இப்போது விளக்கு அணையாமல் நின்றால் குற்றவாளி பற்றரி. அப்போதும் அணைந்தால் பழுது உட்பலகையில். வீட்டில் செய்ய இனி ஒன்றுமில்லை.

விளக்கு இல்லாத சார்ஜரும் உண்டு. மல்ரிமீற்றர் வைத்திருக்கும் ஒருவர் ஊரில் கட்டாயம் இருப்பார், வானொலி, ரீ.வி. திருத்துகிறவர், வயரிங் வேலை செய்கிறவர். சார்ஜரின் முனையில் அளந்தால், பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ற்றுக்கு மிக அண்மையில் வர வேண்டும். 19 என்று எழுதியிருந்து 11 வந்தால் அது சரிவராது. வயரை நெட்டுக்கு அசைத்தபடி அளக்கச் சொல்லுங்கள். பெட்டியை விட்டு வயர் வெளியே வரும் கழுத்திலும் முனைக்கு அண்மையிலும்தான் அது உள்ளே அறுகிறது.

இன்னொருவரின் சார்ஜரை இரவல் வாங்கிப் பார்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிட வேண்டாம். மூன்று விடயங்கள் பொருந்த வேண்டும். வெளியே வரும் வோல்ற் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், 19க்கும் 19.5க்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசத்தால் கெடுதி இல்லை, ஆனால் 16 வோல்ற் கேட்கும் பழைய திங்க்பாட்டுக்கு 20 வோல்ற் கொடுக்கக் கூடாது. அம்பியர் உங்கள் பழைய சார்ஜரில் எழுதியதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. உதாரணமாக 19 வோல்ற், 3.42 அம்பியர் என்று இருந்தால் அது 65 வாற்று. 90 வாற்றுச் சார்ஜரை அதில் போடலாம், 40 வாற்றை அல்ல. மூன்றாவது, முனையின் நடுப்பகுதி நேரா மறையா என்று காட்டும் சிறிய வட்டப் படம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். டெல் கணினிகளிலும் எச்.பி. கணினிகள் சிலவற்றிலும் முனையின் நடுவில் மெல்லிய மூன்றாவது முள் ஒன்று இருக்கும். அது சார்ஜரை அடையாளம் காண்பதற்கானது. அது முறிந்தால் கணினி இயங்கலாம், பற்றரி ஏறாது.

சார்ஜரைத் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அதற்குள் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கிறது. சுவரிலிருந்து கழற்றிய பிறகும் சிறிது நேரம் நிற்கும்.

முனையைச் செருகும் துளையும் பழுதாகும். செருகிய முனையை மெதுவாக மேலும் கீழும் அசைக்கும்போது கணினியின் சிறிய விளக்கு விட்டுவிட்டு வந்தால், உள்ளே ஈயப்பற்று விட்டிருக்கிறது. இதைக் கடையில் சிறிய செலவில் ஒட்டித் தருவார்கள். இதற்காக யாராவது "மதர்போட் மாத்த வேணும்" என்றால் வேறு கடைக்குப் போங்கள்.

பற்றரியைக் கழற்றி ஒரு முறை

இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். பற்றரியைக் கழற்றுங்கள். இரண்டும் இல்லாத வெறும் கணினியின் பவர் பொத்தானை 30 விநாடி அழுத்தியபடி பிடியுங்கள். பலகையில் தேங்கி நிற்கும் மின்னூட்டம் இப்போது வடிந்துவிடும். பிறகு பற்றரி இல்லாமலே சார்ஜரை மட்டும் செருகி, பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். "செத்துப் போச்சு" என்று மூலையில் போட்ட எத்தனையோ கணினிகள் இந்த இடத்தில் கண் விழிக்கின்றன. கொஞ்ச வயதுடைய மெல்லிய கணினிகளில் பற்றரி உள்ளே பூட்டப்பட்டிருக்கும், ஆனால் பழையவற்றில் பெரும்பாலும் அடியிலுள்ள ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் கழன்று வரும்.

இது ஏன் வேலை செய்கிறது? மடிக்கணினிப் பற்றரிக்குள் லிதியம் அயன் கலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.7 வோல்ற். பயன்படுத்தாமல் வைத்தாலும் அவை மெல்ல மெல்ல வடியும். ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அடிமட்டத்துக்கும் கீழே போய்விடும். அந்த நிலையில் ஏற்றுவது ஆபத்து என்பதால் பற்றரிக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்புச் சுற்று அதைப் பூட்டி விடுகிறது. சில கணினிகள் இப்படியான பற்றரி செருகியிருந்தால் சார்ஜர் இருந்தாலும் எழும்பாது. பற்றரியைக் கழற்றியதும் சார்ஜரில் மட்டும் ஓடும்.

பற்றரி இல்லாமல் ஓடினால் அப்படியே பயன்படுத்தலாம். மின்சாரம் போகும்போது கணினியும் போகும், அவ்வளவுதான். புதிய பற்றரிக்குக் காசு சேர்க்கும் வரை அது போதும். எழுதுகிற வேலையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமிக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பழைய பற்றரியை மீண்டும் ஏற்றிப் பார்க்க விரும்பினால் பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது, சீமெந்துத் தரையில் வைத்து ஏற்றுங்கள். கட்டிலில், பாயில், கிடுகுச் சுவருக்கு அருகில், தறப்பாளுக்குக் கீழே வேண்டாம். இரவில் ஏற்றிவிட்டுத் தூங்க வேண்டாம். லிதியம் பற்றரி பற்றினால் ஒரு கொட்டிலை எரிக்க அது போதும். அந்தக் கொட்டிலை நீங்கள் இப்போதுதான் போட்டு முடித்திருக்கிறீர்கள். பூட்டிய பற்றரிக்கு வெளியிலிருந்து வயர் பிடித்து "அடித்து" எழுப்பித் தருகிறேன் என்பவர்களிடம் கொடுக்கவும் வேண்டாம்.

பற்றரி வீங்கியிருந்தால், வெடித்த கோடு தெரிந்தால், இனிப்பான மருந்து மணம் வந்தால், அதை இனிச் செருகவே கூடாது. குத்தக் கூடாது, நெருப்பில் போடக் கூடாது, கிணற்றடியில் புதைக்கக் கூடாது. முனைகளுக்கு மேல் ரேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகரப் பேணிக்குள், வீட்டுக்கு வெளியே பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, நகரத்துக்குப் போகும்போது இலத்திரனியல் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

விளக்கு வருகிறது, திரை இருட்டு

பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது, சிறு விளக்குகள் எரிகின்றன, ஆனால் திரை கறுப்பு. இது நல்ல செய்தி. மின்சாரம் போகிறது.

அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மிக மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் கணினி முழுமையாக இயங்குகிறது. திரைக்குப் பின்னாலிருக்கும் ஒளிக்குழல் மட்டும் எரியவில்லை. பழைய திரைகளில் சிறிய ரியூப் லைற் போன்ற ஒரு குழலும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய பலகையும் இருந்தன. அந்தப் பலகை கெடுவது வழமை. பக்கத்திலுள்ள நீல நிற வி.ஜி.ஏ. துளையில் பாடசாலையின் அல்லது நூலகத்தின் கணினித் திரை ஒன்றைப் பொருத்தினால் எல்லாம் தெரியும். அப்போதே படங்களைப் பிரதி எடுத்துக் கொள்ளலாம், திரையைத் திருத்தாமலே.

ரோச் லைற்றிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் நினைவகத்தைப் பாருங்கள். இதைக் கடைக்காரர்கள் றாம் என்பார்கள். சார்ஜரையும் பற்றரியையும் கழற்றிவிட்டு, கணினியின் அடியிலுள்ள சிறிய மூடியின் திருகாணிகளைக் கழற்றுங்கள். (திருகாணிகளை ஒரு தட்டில் போடுங்கள், மண் தரையில் விழுந்தால் கிடைக்காது.) விரல் நீளப் பச்சைப் பலகை ஒன்றோ இரண்டோ இருக்கும். கையை முதலில் ஏதாவது பெரிய இரும்புப் பொருளில் தொட்டுவிட்டு, பலகையின் இரு பக்கக் கொளுக்கிகளை வெளியே விலக்கினால் அது சாய்வாக எழும்பும். அதன் பொன்னிற விளிம்பை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளைத் தட்டி, மீண்டும் சாய்வாகச் செருகி, "கிளிக்" என்று பிடிக்கும் வரை அழுத்துங்கள். கடற்காற்றுப் படும் ஊர்களில் கிடந்த கணினிகளில் இந்த விளிம்பு மங்கிப் போயிருப்பது சாதாரணம். இரண்டு பலகை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒன்று போயிருந்தாலும் மற்றதோடு கணினி இயங்கும், கொஞ்சம் மெதுவாக.

கணினி "பீப், பீப்" என்று ஒலித்தாலோ ஒரு விளக்கு எண்ணி எண்ணி மின்னினாலோ அந்த எண்ணிக்கையைத் தாளில் எழுதி வையுங்கள். என்ன பழுது என்பதைக் கணினி அப்படிச் சொல்கிறது. ஒவ்வொரு கம்பனிக்கும் அதன் கணக்கு வேறு. மாதிரிப் பெயரோடு சேர்த்துக் கடைக்காரரிடம் சொன்னால் அவருக்கு அரை நாள் மிச்சம்.

இயங்கிய பிறகு திகதி பல ஆண்டு பின்னால் நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு காசு அளவான சிறிய 3 வோல்ற் பற்றரி இருக்கிறது, பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற வகை. அது தீர்ந்துவிட்டது. மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கும். சில கணினிகளில் வயரோடு வரும் வகையாக இருக்கும், அப்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்.

ஐந்து பத்து நிமிடம் ஓடி, சூடாகி, திடீரென்று நின்றால் விசிறி அடைத்திருக்கிறது. சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள், தலையணையில் வைத்துப் பாவிக்க வேண்டாம்.

உள்ளே இருப்பதை எடுப்பது

எல்லாம் பார்த்தும் இயங்கவில்லையா? இப்போதும் படங்களும் ஆவணங்களும் பத்திரமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவை ஹார்ட் டிஸ்க் என்ற சிறிய உலோகப் பெட்டியில் இருக்கின்றன. அது உள்ளங்கையளவு, இரண்டரை அங்குல வகை. உட்பலகை எரிந்தாலும், திரை உடைந்தாலும், அது தனியாக உயிரோடு இருக்கலாம். கணினியின் அடியில் அல்லது பக்கத்தில் இரண்டு நான்கு திருகாணிகளைக் கழற்றினால் வெளியே வரும்.

அதை வெளிப்புறப் பெட்டி ஒன்றுக்குள் பொருத்தி யூ.எஸ்.பி. வயரால் வேறு கணினியில் செருகினால், பெரிய பென் ட்ரைவ் போலத் திறக்கும். பெட்டி வாங்கும்போது ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு கொண்டு போங்கள். பழையவற்றில் இரண்டு வரிசை மெல்லிய முட்கள் இருக்கும். அதற்குப் பிந்தியவற்றில் முள் இல்லாமல் தட்டையான இரண்டு நாக்குகள் இருக்கும். ஒன்றுக்கான பெட்டி மற்றதுக்குப் பொருந்தாது. 2005, 2006 அளவில்தான் இந்த மாற்றம் நடந்தது, ஆகவே ஆண்டை வைத்து ஊகிக்காமல் முனையைப் பார்த்தே வாங்குங்கள்.

செருகியதும் "டிக், டிக்" என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். அதற்குள் தகடு சுற்றுகிறது, அதன் மேல் ஊசி போன்ற ஒன்று நகர்கிறது. தட்டும் சத்தம் வரும்போது திரும்பத் திரும்ப முயன்றால் மிச்சமும் சுரண்டப்படும். திறந்து பார்க்கவும் வேண்டாம், ஒரு தூசி உள்ளே போனாலே போதும். இப்படியானதை மீட்பது செலவான வேலை, எல்லாக் கடையிலும் முடியாது. காசு வரும் வரை பஞ்சில் சுற்றிக் காய்ந்த இடத்தில் வைத்திருங்கள். "ஃபோமற் செய்யவா?" என்று திரையில் கேட்டால் ஒருபோதும் ஆம் சொல்லாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழின் படம் கிடைத்தால் அந்தப் படமே சான்றிதழ் ஆகாது. ஆனால் அதிலுள்ள பதிவு இலக்கம், பதிவுத் திகதி, பதிவுப் பிரிவு ஆகிய மூன்றும் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிப்பது மிகவும் இலகு. இலக்கம் தெரியாதபோது பதிவேடுகளைத் தேட வேண்டிவரும், நாளும் அலைச்சலும் கூடும். காணி அனுமதிப்பத்திரத்தின் இலக்கமும் அப்படியே. அவற்றைக் கண்டவுடன் முதலில் ஒரு கொப்பியில் பேனாவால் எழுதிக் கொள்ளுங்கள்.

கடையில் கதைக்கும்போது

திருத்தும் கடைக்குப் போக வேண்டி வந்தால், முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டு போங்கள். மின்சாரம் வராத பழுதைப் பார்க்க அது தேவையில்லை. குடும்பப் படங்கள், பெண் பிள்ளைகளின் படங்கள் உள்ள கணினியை முன்பின் தெரியாத இடத்தில் ஒரு கிழமை விட்டு வருவது நல்லதல்ல. கழற்ற முடியாவிட்டால் தெளிவாகச் சொல்லுங்கள். இப்படிக் கதைத்தால் போதும்:

"தம்பி, இதை இப்ப திருத்த வேண்டாம். என்ன பழுது, எவ்வளவு முடியும் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. நான் ஓம் எண்டாப் பிறகு செய்யுங்கோ."

"சரி அம்மா. விண்டோஸும் புதுசாப் போட்டு விடட்டே? அப்பதான் வேகமா ஓடும்."

"வேண்டாம் தம்பி. உள்ளுக்கு இருக்கிற ஒண்டையும் அழிக்கக் கூடாது. என்ரை மகன்ரை படம் இருக்கிறது இதுக்குள்ளை மட்டுந்தான். அதை எழுதித் தாங்கோ."

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. புதிதாக விண்டோஸ் போடுவது கடையில் நாளாந்தம் செய்யும் வேலை, கணினி வேகமாக ஓடினால் நீங்கள் மகிழ்வீர்கள் என்று அவர் நினைக்கிறார். ஆனால் அதைப் போடும்போது ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அழிந்து போகலாம். இழந்தவர்கள் பெரும்பாலும் பழுதினால் இழக்கவில்லை, இப்படித்தான் இழந்திருக்கிறார்கள். ஆகவே பற்றுச்சீட்டில் "தரவு அழிக்கக் கூடாது" என்று எழுதுவித்து, கணினியின் அடியிலுள்ள தொடர் இலக்கத்தையும் எழுதுவித்து வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்களுடையது, கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை.

கணக்கும் பாருங்கள். சார்ஜர், பற்றரி, நினைவகம், துளை ஒட்டுதல் ஆகியவற்றுக்குச் செலவழிக்கலாம். உட்பலகை மாற்ற வேண்டும் என்றால், அந்தக் காசுக்குப் பாவித்த நல்ல கணினி ஒன்று கிடைக்குமா என்று இன்னொரு கடையில் விசாரியுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்காகத் திருத்துகிறீர்களென்றால் பிள்ளைக்கு உண்மையில் எது தேவை என்பதையும் கேளுங்கள். சில வேளை கிழமையில் இரண்டு நாள் நூலகக் கணினி போதுமாக இருக்கும், அந்தக் காசு பாடப் புத்தகத்துக்கு உதவும்.

படங்களும் ஆவணங்களும் வெளியே வந்த அன்றே இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம் பென் ட்ரைவிலோ இறுவட்டிலோ இருக்கட்டும். மற்றதை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டையும் வைப்பதால் பயனில்லை. பென் ட்ரைவைச் சிறிய பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டை, குடும்ப அட்டை, சான்றிதழ்கள் வைத்திருக்கும் அதே பைக்குள் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கத் தொடங்கினால் கணினியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பொத்தானில் நிறுத்துவது போதாது, பிளக்கையே இழுத்து எடுக்க வேண்டும்.